கறுப்பு, வெள்ளை, அலுமினியம், கண்ணாடி: மலைவீட்டுக் கணினிக்கு எந்தக் கேபினெட்?

புதுக் கணினி சேர்க்கிறவர்கள் பிராசஸரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் சீக்கிரம் முடிவு செய்துவிடுகிறார்கள். கேபினெட்டின், அதாவது இவற்றையெல்லாம் அடைத்து வைக்கும் வெளிப்பெட்டியின், நிறத்தில் வந்துதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றே மூன்று. "கறுப்பு சூட்டை இழுக்குமாமே, வெள்ளை வாங்கட்டுமா?" "கறுப்புதான் சூட்டை நன்றாக வெளியே விடும் என்கிறார்களே, நிஜமா?" "அலுமினியம் என்றால் கூலிங் அதிகமா?"

முதல் இரண்டு கேள்வியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுபோல் இருக்கும். ஆனால் இரண்டுமே பாதி சரி. கறுப்பு வெயிலை இழுக்கும். அதே கறுப்பு சூட்டை நன்றாக உமிழவும் செய்யும். மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் குழப்பம். வெள்ளைப் பெயின்ட்டும் அதே அளவு சூட்டை உமிழும் என்பதை யாரும் சொல்வதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபேன் ஓடும் பெட்டி, வெயில் படாத மூலை என்றால் நிறமும் மேற்பூச்சும் கூலிங்கில் அரை டிகிரி வித்தியாசம்கூடக் காட்டாது. பிடித்த நிறத்தை வாங்குங்கள். இரண்டு இடங்களில் மட்டும் மேற்பரப்பு உண்மையாகவே கணக்கில் வருகிறது: பெட்டிமேல் நேர்வெயில் விழும் இடம், ஃபேனே இல்லாத பெட்டி. மலையில் இந்த இரண்டும் சமவெளியைவிடக் கூடுதலாக எதிர்ப்படும் என்பதால்தான் இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். பெட்டியின் உடம்பு வழியாக எவ்வளவு சூடு வெளியேறுகிறது; வெயில் பட்டால் எவ்வளவு சூட்டை வாங்கிக்கொள்கிறது; ஈரத்தையும் துருவையும் எப்படித் தாங்குகிறது; தூசியைத் துடைப்பது எளிதா; கடைசியாகச் செலவு. செலவு என்றால் பெட்டியின் விலை மட்டும் அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ மலை ஏறி வரும் செலவும், வழியில் உடைந்தால் திருப்பி அனுப்பும் அலைச்சலும் அதில் சேரும்.

முதல் இரண்டுக்கும் கொஞ்சம் கணக்கு வேண்டும். அதை முடித்துவிட்டால் மற்றவை எளிது.

## சூடு எந்த வழியில் போகிறது

கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒரு சாதாரண கேமிங் கணினி, முழு வேலையில் 350 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 350 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது. அதில் மிகப் பெரும்பகுதியை ஃபேன் தள்ளும் காற்றுதான் சுமந்துகொண்டு போகும். மிச்சம் கொஞ்சம் பெட்டியின் தகடு வழியாகப் போகிறது. அதிலும் ஒரு பங்கு தகட்டைத் தொட்டுப் போகும் காற்றிலும், ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவும் போகும். நிறமும் மேற்பூச்சும் தலையிடுவது இந்தக் கடைசிப் பங்கில் மட்டும்தான்.

ஒரு மேற்பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிர் விடுகிறது என்பதை உமிழ்திறன் என்று 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள். அறைச் சூட்டில் இருக்கும் பொருள் விடும் கதிரின் அலைநீளம் 10 மைக்ரானை ஒட்டி இருக்கிறது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் கண் நிறம் பார்ப்பதோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். கண்ணுக்குக் கறுப்பாகவும் வெள்ளையாகவும் சிவப்பாகவும் தெரியும் பெயின்ட்டுகள் 10 மைக்ரானில் எல்லாம் ஒரே சாயல். உமிழ்திறன் ஏறத்தாழ 0.9. மெருகேற்றிய வெறும் அலுமினியம்தான் தனிச்சாதி, 0.05 அல்லது 0.1.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லெஸ்லி 1804-இல் வெளியிட்ட சோதனையிலேயே இருக்கிறது. கனசதுரத் தகரப் பெட்டி ஒன்றில் வெந்நீர் ஊற்றி, ஒரு முகத்தில் புகைக்கரி, இன்னொன்றில் வெள்ளைக் காகிதம், வேறொன்றை வெறும் தகரமாக விட்டு, ஒவ்வொன்றும் விடும் சூட்டை அளந்தார். கரியும் வெள்ளைக் காகிதமும் கிட்டத்தட்டச் சமம். பளபளத்த தகரம் மட்டும் வெகுவாகப் பின்தங்கியது. ஃபிளாஸ்க்கின் உள்கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு கொடுப்பதும் இதனால்தான்: பளபளப்பு சூட்டை வெளியே விடாது.

இப்போது நம் பெட்டிக்கு வருவோம். மிட் டவர் எனப்படும் நடுத்தர அளவு கேபினெட்டில் சுவர் பக்கத்தையும் அடியையும் கழித்தால் அறையைப் பார்த்து நிற்கும் பரப்பு சுமார் 0.6 சதுர மீட்டர். ஃபேன்கள் ஒழுங்காக ஓடினால் தகடு அறையைவிட ஒரு 4 டிகிரிதான் கூடுதலாக இருக்கும். பெயின்ட் அடித்த தகடு இந்த நிலையில் 12 வாட் கதிராக விடும். மெருகிட்ட வெறும் அலுமினியம் 1 வாட்டைத் தாண்டினால் அதிகம். வித்தியாசம் 11 வாட். அதாவது 350-இல் 3 சதவீதம். உள்ளே போகும் காற்று 10 டிகிரி சூடாகி வெளியே வருகிறது என்றால், இந்த 3 சதவீதம் 0.3 டிகிரி. ஒரு ஜன்னலைச் சாத்தித் திறந்தாலே அறை அதைவிட அதிகம் மாறும்.

பெயின்ட் போர்வைபோல் மூடிச் சூட்டை உள்ளே பிடித்து வைக்காதா என்று கேட்பார்கள். 80 மைக்ரான் கனமுள்ள பூச்சு தடுக்கும் சூடு, தகட்டை ஒட்டி அசையாமல் நிற்கும் காற்று தடுப்பதில் அரை சதவீதம்கூட இல்லை. 4 மில்லிமீட்டர் கண்ணாடிகூட நான்கைந்து சதவீதம்தான். அந்தப் பயத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

## மலைக்காற்று செய்யும் மாற்றம்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஃபேன் அட்டையில் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று போட்டிருப்பது காற்றின் கன அளவு. ஆனால் சூட்டைச் சுமப்பது காற்றின் எடை. அதே ஃபேன், அதே வேகம், ஆனால் தள்ளப்படும் காற்று இலேசானது.

சென்னையில் 32 டிகிரி அறை ஒன்றில், நொடிக்கு 30 லிட்டர் காற்று தள்ளும் பெட்டி 350 வாட்டுக்கு 10 டிகிரி ஏற்றம் காட்டும். அதே பெட்டியை ஊட்டியில் 18 டிகிரி அறையில் வைத்தால் ஏற்றம் 12.5 டிகிரியை ஒட்டி வரும். பயப்பட ஒன்றுமில்லை: சென்னையில் வெளியேறும் காற்று 42 டிகிரி, ஊட்டியில் முப்பதைக் கொஞ்சம் தாண்டும். மலைக்காரருக்கு 11 டிகிரி இனாம். "ஊட்டியில் ஃபேன் எதற்கு?" என்று கேட்கும் சமவெளி நண்பர்களுக்கு மட்டும் அந்த இரண்டரை டிகிரியைச் சொல்லிவைக்கலாம்.

முக்கியமான விஷயம் வேறு. காற்று இலேசானால் காற்று வழிச் சூடு குறைகிறது; கதிர் வழிச் சூடு குறைவதில்லை, அதற்குக் காற்றே தேவையில்லை. ஃபேன் இல்லாமல் தானாக எழும் காற்றை மட்டும் நம்பியிருக்கும் பெட்டியில், ஊட்டி உயரத்தில் காற்று வழி வெளியேற்றம் 12, 13 சதவீதம் குறையும். ஆகவே அந்த வகைப் பெட்டிக்கு மேற்பூச்சு சென்னையில் இருப்பதைவிட இங்கே கூடுதல் முக்கியம். கொடைக்கானலுக்கும் இதே கணக்குதான். குன்னூர் 1,850 மீட்டர், கோத்தகிரி 1,800-ஐ ஒட்டி. அங்கே விளைவு சற்றுக் குறையும். கூடலூர் 1,000 மீட்டர் பக்கம் என்பதால் இந்தக் கணக்கில் பாதி சமவெளிதான்.

## கறுப்பு பவுடர் கோட்டிங்

கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இதுதான்: மின்முலாம் முறையில் துத்தநாகம் ஏற்றிய ஸ்டீல் தகடு, மேலே கறுப்புப் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைத்த பெயின்ட்). விலை குறைவு, எல்லா மாடலிலும் உண்டு. உமிழ்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயில் படாத இடத்தில் வைக்கிறவர்கள் இதற்குமேல் யோசிக்கவே வேண்டாம்.

வெயில் பட்டால் கதை மாறும். மலையில் வெயிலைக் கண்டால் யாரும் விரட்டுவதில்லை. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறோம். பழைய பங்களாக்களில் கண்ணாடி வைத்த வராண்டாதான் குளிர்காலத்தில் படிக்கும் அறை, அலுவலகம், எல்லாம். மேலே காற்று குறைவு, மழை விட்ட நாளில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், வெயில் உறைக்கும். சூரியனை ஆராயவென்றே கொடைக்கானலில் 1899-இல் ஆய்வகம் அமைத்தார்கள் என்றால், அந்த வெயில் நம் கேபினெட்டை மட்டும் விட்டுவைக்குமா?

பக்கத் தகட்டின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். ஜன்னல் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழும் வெயில் சதுர மீட்டருக்கு 400 வாட் என்று வைத்தால், கறுப்புத் தகடு 75 வாட் வாங்கிக்கொள்ளும். வெள்ளை 20 முதல் 25 வாட். கறுப்புத் தகடு அறையைவிட 20 டிகிரிக்கு மேல் சூடாகும். வெள்ளை ஆறேழு டிகிரியோடு நிற்கும். வாங்கிய சூட்டில் ஏறக்குறையப் பாதி உள்பக்கம் திரும்பும். உமிழ்திறனில் 11 வாட்டுக்கு மல்லுக்கட்டினோமே, இங்கே கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் 50 வாட். நிறம் பேசுவது இந்த ஓர் இடத்தில்தான்.

கறுப்பின் மறைமுகச் செலவு ஒன்று இருக்கிறது. துரு தெரியாது. ஸ்க்ரூ துளை, தகடு வெட்டிய ஓரம், கீழே கால் ரப்பர் ஒட்டிய இடம் இங்கெல்லாம் துரு ஆரம்பித்தால் வெள்ளைப் பெட்டியில் மறுநாளே பழுப்புக் கோடாகத் தெரியும். கறுப்பில் கையில் பொடி ஒட்டும்போதுதான் தெரியும்.

## வெள்ளை பவுடர் கோட்டிங்

வெயில் விழும் இடத்தில் இதுதான் ஜெயிக்கும், மேலே சொன்ன காரணத்தால். வெயில் இல்லாத இடத்தில் கறுப்போடு சரிசமம், அவ்வளவுதான்.

ஆனால் விலை கூடும். ஒரே மாடலில் வெள்ளைக்கு நிறைய நிறுவனங்கள் கூடுதலாக வாங்குகின்றன. கேபினெட்டோடு நிற்குமா என்றால் அதுவும் இல்லை. வெள்ளைப் பெட்டிக்குள் கறுப்பு ஃபேனும் கறுப்பு கேபிளும் பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாக வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினால் கணக்கு கைமீறிப் போகும். கூலிங்குக்காக என்று ஆரம்பித்தவர்கள் அழகில் முடிப்பதை நிறையப் பார்த்தாயிற்று.

இன்னொன்று மஞ்சள் பூப்பது. உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடுகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. ஜன்னல் கண்ணாடி அதில் ஒரு பகுதியைத் தடுக்கும், முழுவதையும் அல்ல. வீட்டுக்குள் வைக்கும் பொருள்களுக்கு அடிக்கும் எபாக்ஸி கலந்த பவுடர் வெயிலில் மஞ்சளாகும். முன்பக்கத்து வெள்ளை பிளாஸ்டிக் அதற்கு முன்பே மஞ்சளாகிவிடும். அப்போது தகடு ஒரு வெள்ளை, முகப்பு ஒரு வெள்ளை. ஆக, எந்த வெயிலுக்காக வெள்ளை வாங்கினோமோ அந்த வெயிலே அதன் அழகைக் கெடுக்கும். கூலிங் கெடாது, கண்ணுக்குத்தான் உறுத்தும். கணப்பு மூட்டும் வீடுகளில் விறகுப் புகையின் கரியும் வெள்ளையில் சீக்கிரம் படியும்.

## அலுமினியம்

இந்தப் பகுதியில்தான் ஏமாற்றம் அதிகம். அலுமினியம் ஸ்டீலைவிடச் சூட்டை நன்றாகக் கடத்தும், உண்மை. ஆனால் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தகட்டில் கடத்தும் திறன் ஒரு பொருட்டே இல்லை. இருபுறமும் நிற்கும் காற்றுதான் தடை. "அலுமினியம், ஆகவே குளிர்ச்சி" என்று ஃபேன் வைத்த பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

அலுமினியத்திலேயே மூன்று வகை உண்டு. மெருகிட்டு வெறுமனே விட்டது, வெள்ளி நிற அனோடைஸ், கறுப்பு அனோடைஸ். அனோடைஸ் என்றால் மின்சாரம் பாய்ச்சி மேலே ஆக்ஸைடு படலம் வளர்ப்பது. பளபளவென்று இருக்கும் முதல் வகைதான் கதிர் விடுவதில் மோசம். பிரஷ் கோடுகளோடு வெள்ளி நிறத்தில் கடையில் நிற்பது பெரும்பாலும் அனோடைஸ் செய்தது. அதன் மேலுள்ள ஆக்ஸைடு படலம் கண்ணாடிபோல் நிறமற்று இருந்தாலும், 10 மைக்ரானில் நல்ல கறுப்புதான். உமிழ்திறன் 0.7, 0.8 வரை போகும். எனவே வெள்ளி நிறத்தைப் பார்த்து "இது சூட்டை விடாது" என்று ஒதுக்க வேண்டாம்.

ஈரத்துக்கு அலுமினியம் நல்லது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தேவாலா, பந்தலூர், கூடலூர் பக்கம் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அந்த ஈரத்தில் மலிவான ஸ்டீல் தகட்டின் ஓரம் தாங்காது. அனோடைஸ் செய்த அலுமினியம் தாங்கும். விலைதான் ஸ்டீலைப்போல் பல மடங்கு வரை போகிறது. தகடு மெல்லிசு, இறக்கும்போது ஒரு தட்டு தட்டினால் குழி விழும்.

வெறும் உலோகப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று சொல்வார்கள். பழி பெட்டிமேல் இல்லை. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால் எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் உடம்புக்கு வரும். பெயின்ட் அடித்த பெட்டியில் அதை உணராமல் இருக்கிறோம். பழைய எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் கேபினெட் பார்ப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## ஃபேன் இல்லாத பெட்டி

இதற்குத் தனி இடம் தருகிறேன், ஏனென்றால் இங்கேதான் மேற்பூச்சு முதலாளி. தடித்த அலுமினிய உடம்பே ஹீட்சிங்காக, அதாவது சூட்டை வாங்கி வெளியே விடும் பாகமாக, இருக்கும் சிறு கணினிகள். 15 வாட், 30 வாட் பிராசஸர், சத்தமே இல்லை.

ஒரு கணக்கு: 20 சென்டிமீட்டர் நீள அகலம், 8 சென்டிமீட்டர் உயரம் உள்ள, துடுப்புகள் இல்லாத பெட்டி, உள்ளே 30 வாட், இடம் ஊட்டி. கறுப்பு அனோடைஸ் செய்திருந்தால் அதன் உடம்பு அறையைவிட 21 டிகிரி அளவில் ஏறி நின்றுவிடும். அதே பெட்டியை மெருகிட்டு வெறுமனே விட்டால் 40 டிகிரியை ஒட்டிப் போகும். சூட்டில் பாதிக்கு மேல் கதிராகவே போய்க்கொண்டிருந்தது. பளபளப்பு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. துடுப்புகள் வைத்த உடம்பில் வித்தியாசம் இவ்வளவு இருக்காது. துடுப்புகளின் நடுவே விடும் கதிர் எதிர்த் துடுப்பிலேயே விழுகிறது, வெளிச்சுற்று மட்டும்தான் அறைக்குக் கதிர் விடுகிறது. அப்போதும் கறுப்பு அனோடைஸ் தெளிவாக முந்தும். வெள்ளி நிற அனோடைஸ் அதற்கு அடுத்து, நெருங்கி வரும். குரோம் மாதிரி மின்னுகிற எதையும் இந்த வகையில் வாங்காதீர்கள்.

கறுப்பு அனோடைஸ் பெட்டியை வெயிலில் வைத்தால் இந்த லாபம் எல்லாம் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிவக்கக் காயும் ராட் ஹீட்டரும் அப்படித்தான். அதன் கதிர் வெயிலுக்கும் அறைச்சூட்டுக்கும் இடைப்பட்ட ரகம். வெள்ளைப் பெயின்ட்டும் அதில் கணிசமாக வாங்கிக்கொள்ளும். ஹீட்டருக்கு மருந்து நிறம் இல்லை, தூரம்.

## கண்ணாடி

டெம்பர்டு கிளாஸ் பக்கம் சூட்டை அடைக்கும் என்ற பேச்சு பெரும்பாலும் தவறு. கண்ணாடியின் உமிழ்திறனும் 0.9-ஐ ஒட்டியதே. முன்பக்கம் கண்ணாடி வைத்து ஓரத்தில் மட்டும் இடுக்கு விட்ட பெட்டிகள்தான் காற்றை அடைக்கின்றன. அது கண்ணாடியின் குற்றம் அல்ல, துளை இல்லாததன் குற்றம். வெயில் விழும் பக்கம் கண்ணாடி வந்தால் மட்டும் கவனம்: வெயில் நேராக உள்ளே புகுந்து மதர்போர்டையும் கார்டையும் சுடும், அங்கே கறுப்பு வெள்ளைப் பேச்சே எழாது.

கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வரும் பார்சலில் கண்ணாடி வருவது இன்னொரு கவலை. கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ சொந்த வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவருவதாக இருந்தால் வாங்குங்கள். கூரியர் என்றால், உடைந்தால் மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## பழைய பெட்டிக்குப் புதுப் பூச்சு

கோயம்புத்தூரில் பவுடர் கோட்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. இருக்கும் கறுப்பு கேபினெட்டை வெள்ளையாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பக்கத் தகடுகளை மட்டும் தாராளமாகக் கொடுக்கலாம், மெஷ்ஷை (காற்று புகத் துளையிட்ட வலைத் தகட்டை) கொடுக்காதீர்கள். பவுடர் கோட்டிங் 60 முதல் 100 மைக்ரான் கனம் ஏறும். 1.5 மில்லிமீட்டர் துளை உள்ள மெஷ்ஷில் சுற்றிலும் 80 மைக்ரான் ஏறினால் துளையின் பரப்பு 20 சதவீதம் போய்விடும். 1 மில்லிமீட்டர் துளை என்றால் 30 சதவீதம். பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடித்தால்தான் இந்தக் கணக்கு, பல இடங்களில் அப்படித்தான் அடிக்கிறார்கள். 0.3 டிகிரிக்காக ஆரம்பித்த வேலை மூச்சுக்குழாயைச் சுருக்கி முடியும்.

மதர்போர்டு நிற்கும் பித்தளைக் கால்கள் பதியும் இடம், எஸ்எம்பிஎஸ் ஸ்க்ரூ இடம், இவற்றில் பூச்சு ஏறாமல் டேப் ஒட்டிக் கொடுங்கள். எர்த் தொடர்ச்சி அங்கேதான் இருக்கிறது. ஹீட்சிங்க் துடுப்புக்கு ஸ்ப்ரே அடிப்பது வேண்டவே வேண்டாம்.

## ஈரம்: எல்லா நிறத்துக்கும் பொது

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் அணைத்து வைத்த கணினி அறையோடு சேர்ந்து குளிர்ந்துவிடும். காலையில் அடுப்பும் ஹீட்டரும் போட்டு அறை 18 டிகிரிக்கு வந்து, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்த உலோகத்திலும் வியர்வை பூக்கும். பெட்டி 8 டிகிரியில் இருந்தால் உள்ளேயும் பூக்கும். அறை சூடானபின் ஒரு மணி நேரம்போல் விட்டு ஆன் செய்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் கணினி அறையைவிடச் சூடாக இருப்பதால் அதில் ஈரம் படியாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது துளை நிறைந்த பெட்டியில் பயனில்லை.

## ஒரே பார்வையில்

| மேற்பரப்பு | உமிழ்திறன் | வெயிலை வாங்குவது | ஈரத்தில் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| கறுப்பு பவுடர் கோட்டிங், ஸ்டீல் | 0.9 | மிக அதிகம் | வெட்டு ஓரத்தில் துரு | துரு கண்ணில் படாது |
| வெள்ளை பவுடர் கோட்டிங், ஸ்டீல் | 0.9 | கால் பங்கு அளவு | வெட்டு ஓரத்தில் துரு | விலை, மஞ்சள் பூப்பது |
| கறுப்பு அனோடைஸ் அலுமினியம் | 0.8 – 0.9 | அதிகம் | நல்லது | விலை |
| வெள்ளி நிற அனோடைஸ் | 0.7 – 0.8 | நடுத்தரம் | நல்லது | விலை, குழி விழுவது |
| மெருகிட்ட வெறும் அலுமினியம் | 0.05 – 0.1 | குறைவு | மெல்ல மங்கும் | ஃபேன் இல்லாப் பெட்டிக்கு ஆகாது |
| டெம்பர்டு கிளாஸ் | 0.9 | உள்ளே விட்டுவிடும் | பிரச்சினை இல்லை | உடைவது, முன்பக்கக் காற்று |

## யாருக்கு எது

கேமிங், வீடியோ எடிட்டிங், மேசை அறையின் உள்மூலையில்: மெஷ் முகப்புள்ள கறுப்பு ஸ்டீல். வெள்ளைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் இன்னொரு நல்ல ஃபேன் வாங்கிப் போடுங்கள். இலேசான காற்றுக்கு அதுதான் நேரடிப் பதில்.

ஜன்னலோரமும் கண்ணாடி வராண்டாவும்தான் உங்கள் அலுவலகம், மேசையை நகர்த்த வழியில்லை என்றால்: வெள்ளை ஸ்டீல், வெயில் பக்கம் தகடு, கண்ணாடிப் பக்கம் நிழலைப் பார்த்து. மேசையை ஓரடி நகர்த்த முடியும் என்றால் அதைச் செய்துவிட்டுக் கறுப்பையே வாங்குங்கள். திரைச்சீலை கேபினெட்டைவிட மலிவு.

கூடலூர், பந்தலூர் பக்கம்: வெயிலைவிட மழை முக்கியம். பணம் இருந்தால் அனோடைஸ் அலுமினியம். இல்லையென்றால் வெள்ளை ஸ்டீல். துரு முதல் நாளே தெரியட்டும் என்பதற்காகத்தான் வெள்ளை சொல்கிறேன். வெட்டு ஓரங்களில் நிறமற்ற வார்னிஷ் ஒரு கோடு இழுத்துவிடலாம்.

ஹோம்ஸ்டே வரவேற்பு மேசை, ஸ்கூல் ஆபீஸ், பில் போடும் கடை: ஃபேன் இல்லாத கறுப்பு அனோடைஸ் சிறு பெட்டி. சத்தம் கிடையாது, மின்சாரம் குறைவு. வரவேற்பு மேசைக்கு அழகாக இருக்கட்டும் என்று மின்னுகிற மாடலை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம்: இதற்குப் போட்டியே இல்லை. இலைத் தூசி பஞ்சுபோல் பறந்து வந்து மெஷ்ஷில் படியும், ஃபில்டரை எத்தனை தடவை தட்டினாலும் திரும்ப அடைத்துக்கொள்ளும். மெஷ் அடைத்துவிட்டால் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான். துளையே இல்லாத, ஃபேன் இல்லாத கறுப்பு அனோடைஸ் பெட்டியை வாங்கி, சுவரில் துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டுங்கள். துடுப்பு படுத்திருந்தால் காற்று மேலே எழ வழி கிடைக்காது. உலர்த்தும் அறையை ஒட்டிய சுவர் மட்டும் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை மேலே படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும், உள்ளே திறக்க வேண்டிய வேலையே இருக்காது.